கூரைக்கு மேல் எத்தனை அடி?

கருமத்தம்பட்டியில் ஒரு புது மாடி வீடு. பால் காய்ச்சிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மாடி பாத்ரூமில் எட்டு அங்குல ரெயின் ஷவரைத் திறந்தால் நடுவில் நாலைந்து துளை மட்டும் ஒழுகுகிறது. "ஏனுங்க, பைப்புல அடைப்புங்களா?" என்றார் வீட்டுக்காரர். அடைப்பெல்லாம் இல்லை. ஷவரிலிருந்து தொட்டியின் அடி வரை டேப் பிடித்தால் ஏழரை அடி. அழுத்தம் 0.22 பார்தான். அதே ஷவர் கீழ் வீட்டில் என்றால் பத்தரை அடி கூடக் கிடைத்திருக்கும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு வேறு உலகத்துக்கானது. அமெரிக்காவின் 1992 சட்டம் ஷவருக்கு நிமிடத்துக்கு 9.5 லிட்டர் என்று வரம்பு வைத்தது. அளப்பது 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில். அதாவது 184 அடி உயரத் தண்ணீர்! அழுத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்கானால் வரத்து ஐந்தில் ஒரு பங்காகும். மிஞ்சுவது நிமிடத்துக்கு இரண்டு சொம்பு.

இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். சுவரில் காடி எடுக்கும் அன்றே நாம்தான் சொல்ல வேண்டும். மாடிக்குத் தொட்டியிலிருந்து தனியாக ஓரங்குல லைன், அல்லது பிரஷர் பம்புக்கு இடமும் பிளக்கும். இரண்டும் வேண்டாம் என்றால் நாலங்குலச் சாதா ஷவர். டெலிபோன் ஷவரும் தேவலை: கையில் பிடித்து நெஞ்சுயரத்துக்கு இறக்கினாலே இரண்டு மூன்றடி அழுத்தம் சேரும்.

மாட்டுமுன் லைனை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள்; பைப் சீவலும் சிமென்ட் மணலும் வலையில் போய் உட்காராது. டெஃப்லான் டேப் மரை ஓடும் பக்கமாக. ரெஞ்சுக்கு அடியில் துணி.

நம் பக்கம் நல்ல தண்ணி சமையலறைக்கு, உப்புத் தண்ணி பாத்ரூமுக்கு. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கும், வேறு வழியில்லாவிட்டால் 600. பல போர்வெல்கள் அதையும் தாண்டும். துளையில் காயும் ஒவ்வொரு சொட்டும் சுண்ணாம்பை விட்டுப் போகிறது. சிலிக்கான் முனை என்றால் கட்டைவிரலால் தேய்த்தால் உதிரும். மற்றதற்குப் பாதித் தண்ணீர் கலந்த வினிகரில் அரைமணி நேரம் போதும். ஆசிட் ஊற்றினால் குரோம் உரிந்து வரும். பழி நம் மேல்.

அந்த ரெயின் ஷவரைக் கடைசியில் கீழ் பாத்ரூமுக்கு இறக்கினோம். கீழே இருப்பது வீட்டுக்காரரின் அப்பா. அவர் இன்னமும் பக்கெட்டில் மொண்டுதான் ஊற்றிக்கொள்கிறாராம்.