புரத மேட்டர் முடிஞ்சிடுச்சாமே!

"புரத வடிவமெல்லாம் சால்வ் ஆயிடுச்சு மச்சி" - ஆபீஸ் கேண்டீன்ல இதைக் கேட்காத வாரமே இல்லை. 2020-ல ஆல்பாஃபோல்ட் 2 எல்லாரையும் அசத்தியது, 2022-ல 20 கோடி புரதங்களுக்கு வடிவம் கணிச்சுக் கொட்டியது, 2024-ல நோபல் பரிசு... எல்லாம் நிஜம். நானும் கைதட்டினவன்தான். ஆனா 'முடிஞ்சிடுச்சு'ன்னு சொன்னா எரிச்சல் வருது.

இதயத்துல ஸ்டென்ட் வைக்கறாங்க. ரத்தம் பட்ட சில நொடிகள்லயே ஃபைப்ரினோஜன் மாதிரி புரதங்கள் அது மேல போய் ஒட்டிக்கும். எந்தப் பக்கமா ஒட்டுது, ஒட்டினதும் உருவம் மாறுதா? ரத்தம் அங்க உறையுமா இல்லையான்றதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. இன்சுலின் புட்டியிலயும் இதே கதைதான். கண்ணாடியிலயோ காத்துக் குமிழியிலயோ ஒட்டி, உருக்குலைஞ்சு, கொத்துக் கொத்தா திரளலாம். ஆல்பாஃபோல்டுக்கு அமினோ அமில வரிசையைக் கொடுக்கலாம். ஸ்டென்டோட உலோகப் பரப்பை எப்படி ஐயா கொடுப்பீங்க?

அங்க அளந்துதான் பார்க்கணும். புரதத்தோட முதுகெலும்புல இருக்கற கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகள், சென்டிமீட்டருக்கு 1600-லிருந்து 1700 அலைகள் கொண்ட அகச்சிவப்பு ஒளியில அதிரும். சுருள் வடிவம்னா 1650 பக்கம், தாள் மாதிரி மடிஞ்சிருந்தா 1630 பக்கம். சிக்கல் என்னன்னா, தண்ணியும் 1640 பக்கம் குறுக்கே வந்து நிக்கும்.

இதுக்குத்தான் கூட்டு அதிர்வெண் நிறமாலை. ஒரு அகச்சிவப்பு லேசர், ஒரு கண்ணுக்குத் தெரியற லேசர், ரெண்டையும் ஒரே இடத்துல அடிச்சா, ரெண்டு அதிர்வெண்ணும் கூடின புது ஒளி வரும். கரைசலுக்குள்ள மூலக்கூறுகள் கண்டபடி திரும்பிக் கிடக்கறதால அங்கிருந்து வர்ற சிக்னல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு காணாமப் போயிடும். பரப்புல ஒரே பக்கமா நிக்கறது மட்டும் பேசும். பெர்க்லியில ஷென் குழு 1987-லயே செஞ்சு காட்டின வித்தை இது.

இதுல ஒவ்வொரு அணுவும் எங்க இருக்குன்னு தெரியாது, சராசரி சாய்வுதான் கிடைக்கும். அதுக்கு அர்த்தம் சொல்ல நம்மாளுங்க கணக்கும் வேணும். ஒத்துக்கறேன். ஆனா ஆல்பாஃபோல்ட் பாடம் படிச்சதே, 1971-லிருந்து பரிசோதனைக்காரங்க அளந்து சேர்த்த புரத வங்கியிலதானே?

யூனிட் டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு நேரா புரொடக்‌ஷன்ல தூக்கிப் போடுவீங்களா? மாட்டீங்கல்ல? அப்ப உடம்புக்குள்ள போற சமாச்சாரத்துல மட்டும் ஏன் அவசரம்? :-)