நர்சுக்கு மட்டும் கல் மனசா?

என் அக்கா மகள் நர்ஸ். 2021-ல் கொரோனா இரண்டாவது அலை வந்தபோது ஐ.சி.யு.வில் டியூட்டி பார்த்தவள். இந்தப் பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் 'உஸ்'ஸென்று ஆவி விடுமே, அந்தச் சத்தத்துக்குக் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "இது தினமும் நடக்கிற கூத்துதான். சமையல்கட்டுப் பக்கம் வராம இருக்க நல்ல நடிப்பு" என்றார் மாமியார். எனக்குச் சுருக்கென்றது.

ராத்திரி மொட்டை மாடியில் மெதுவாகக் கேட்டேன். "ஆக்சிஜன் சத்தம் மாதிரியே இருக்கு சித்தி" என்றாள். அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டாள். கவச உடைக்குள் வியர்வையில் நனைந்ததோ, மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருந்ததோ அவளுக்குப் பெரிதில்லை. இறந்துபோன ஒருவரின் செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். அது அடித்துக்கொண்டே இருந்ததாம். திரையில் 'வீடு' என்று வருகிறது. எடுத்து என்ன சொல்வாள்? "இப்பவும் யார் போன் அடிச்சாலும் அந்தக் கவர்தான் கண்ணு முன்னாடி நிக்குது. கனவுலயும் அடிக்குது சித்தி."

இதற்கு டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1980-ல்தான் இந்தப் பெயர் மருத்துவப் புத்தகத்தில் ஏறியது. சிப்பாய்க்கு வந்தால் பரிதாபப்படுகிறோம். நர்சுக்கு வந்தால், "சாவைப் பார்த்துப் பழகினவதானே!" என்கிறோம். பழகினவள்தான். ஆனால் மற்ற நாட்களில் கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் இருக்கும், அழ ஆள் இருக்கும். கொரோனா வார்டில் மகளாகவும் மருமகளாகவும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் ஒருத்திதான். ஒருத்தர் கண்ணை மூடினால், அழக்கூட நேரமில்லாமல் அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும்.

2020 மார்ச் 22-ம் தேதி இவர்களுக்காக வாசலில் நின்று கை தட்டினோம். (நான் எவர்சில்வர் தட்டையே தட்டினேன். அது நசுங்கியதுதான் மிச்சம்.) அதோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

ஆஸ்பத்திரியில் சொல்ல அவளுக்குப் பயம். "வார்டுக்கு லாயக்கில்லைன்னு எழுதிட்டா?" என்கிறாள். நர்சுகளுக்கு மனநல ஆலோசனையை டியூட்டி நேரத்திலேயே, விஷயம் மேலிடத்துக்குப் போகாதபடி கொடுக்க வேண்டும். லீவு போட்டுவிட்டுப் போ என்றால் யார் போவார்கள்? வீட்டில் இருப்பவர்களும் மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 2022-ல் ஆரம்பித்த 'டெலி மானஸ்' 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

எங்கள் வீட்டு மாப்பிள்ளை தங்கமானவர். போன வாரம் அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். "ரெண்டு மணி நேரம் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன் அத்தை. வரும்போது கொஞ்சம் பேசிக்கிட்டே வந்தா" என்றார் போனில். அவர் அம்மாவிடம் மட்டும் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்