தொங்கும் கூடை வேண்டாம்

சைக்கிள் கடைகளில் இன்று பெரும்பாலும் முன்னால் மாட்டித் தருகிற கூடை, சுமை தூக்கச் செய்ததல்ல, பார்வைக்குச் செய்தது. இப்படிச் சொன்னால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும். நம் வயதில் இன்னும் சைக்கிள் மிதிப்பவர்களும், புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளும் அந்தக் கூடையை நம்பித்தான் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓட்டுகிறார்கள்.

அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். ஹேண்டில்பாரில் இரண்டு கொக்கி. அடியில் தாங்க ஒன்றுமில்லை. காமராஜ் மார்க்கெட்டில் நாலு கிலோ காய், ஒரு தேங்காய் வாங்கிப் போட்டால் முன்னால் தொங்குகிறது. பள்ளத்தில் இறங்கினால் துள்ளுகிறது. பிரேக் ஒயர் நசுங்குகிறது. பழைய கம்பி பிரேக் வண்டியானால் கம்பியிலேயே இடிக்கிறது. விளக்கு கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் ஹேண்டில்பார் தானே திரும்பி, வண்டியைச் சாய்த்துவிடுகிறது.

சரியான அமைப்பு நம் பின்கேரியரில் கண்ணெதிரே இருக்கிறது. அதன் கால்கள் பின்சக்கரத்தின் அச்சில் நட்டுப் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன. முன்னாலும் அப்படியே வேண்டும்: மட்கார்டுக்குச் சற்று மேலே ஒரு சிறிய கேரியர், அதன் இரு கால்கள் முன் அச்சில், அதன்மேல் கூடை. கனம் அச்சு வழியாகத் தரைக்கு இறங்கும். ஹேண்டில்பார் திருப்புகிற வேலையை மட்டும் பார்க்கும். கூடை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் கேரியருக்குப் பெயர் 'போர்த் பகாஜ்', அதாவது மூட்டைதாங்கி. பெயரிலேயே வேலை இருக்கிறது. பாரிசில் செய்தித்தாள் கட்டுகளை முன்கேரியரில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்ட ஆட்களுக்கென்றே ஒரு சைக்கிள் பந்தயம் பல ஆண்டுகள் நடந்தது. சுமார் 15 கிலோ கட்டோடு ஓட்ட வேண்டும். கொக்கியில் தொங்கும் கூடையோடு அங்கே யாரும் முதல் திருப்பத்தைத் தாண்டியிருக்க முடியாது.

'அது சீமைக் கதை' என்பீர்கள். பக்கத்து மாவட்டத்துக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் சிலர் ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். சுமக்கிறவர்கள் அழகு பார்த்து வண்டி தேர்ந்தெடுப்பதில்லை.

'எல்லாவற்றையும் பின்னாலேயே கட்டினால் என்ன?' என்றும் கேட்கிறார்கள். எழுபது வயதில் மூட்டைக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் பார்க்கட்டும். பால், கீரை, முட்டை, மருந்து எல்லாம் கண்ணெதிரே இருப்பதுதான் நல்லது. ஆனால் அளவு உண்டு. ரேஷன் அரிசி 20 கிலோ பின்னால்தான். முன்னால் ஐந்தாறு கிலோ போதும். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அச்சைத் தொடாமலே தொங்கும் கூடையை அவர் பார்த்ததில்லை.

கூடைக்கு என் ஓட்டு பிரம்புக்கு. பிளாஸ்டிக் நம் வெயிலில் நொறுங்கிப் போகும். கொள்ளிடத்தை ஒட்டிய தைக்காலில் பிரம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாலு காசு போகட்டும்.

கடைசியாக, அரசுக்கு ஒன்று. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறார்கள், நல்ல காரியம். நான் குமாஸ்தாவாக இருந்தவன், கோப்பின் பலம் தெரியும். 'முன்கூடை அச்சில் ஊன்றிய கேரியரின் மேல் அமைய வேண்டும்' என்று டெண்டர் நிபந்தனையில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும். லட்சம் வண்டிகளில் இரண்டு கம்பி சேர்ந்துவிடும். அதுவரை, கடையில் கூடை வாங்கும்போது அதன் அடியில் கையை விட்டுப் பாருங்கள். கம்பி தட்டுப்படாவிட்டால் வாங்காதீர்கள்.