உங்கட வீட்டுச் சுண்டு எத்தனை கிராம்?

போன மாதம் ஒரு லீவு நாள். பருத்தித்துறை வடை சுட ஆசை வந்து, ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"மூண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உளுந்து, உப்பு ஒரு மேசைக்கரண்டி. அம்மான்ர அளவுதான்ரா, நான் கப்புக்கு மாத்தி வச்சிருக்கிறன்" என்றா.

சொன்னபடியே அளந்தேன். உப்புக் கூடிப்போச்சு. பத்து வருசமாக மெல்பேர்ணில் உணவகக் குசினியில் நிற்கிறவனுக்கு இது வெட்கம்தான்.

பிழை அக்காவிலும் இல்லை, என்னிலும் இல்லை. கரண்டியில்! அவுஸ்திரேலியாவின் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், அதாவது நாலு தேக்கரண்டி. கனடா, அமெரிக்கா, இங்கிலாந்தில் அது 15 தான். அக்காவின் ஒரு கரண்டி எனக்கு ஒன்றேகால் கரண்டிக்கும் மேலாகிவிட்டது. கப்பும் அப்படித்தான். இங்கே 250, அமெரிக்கக் கப் கிட்டத்தட்ட 237.

கப் ஒன்றாக இருந்தாலும் சிக்கல் தீராது. இங்கத்தைய ஒரு கப் தண்ணீர் 250 கிராம், சீனி 220 அளவில், கோதுமை மா 150 அளவில். மாவை அரித்துப் போட்டால் இன்னும் குறையும், அமத்தி நிரப்பினால் கூடும். 2006இல் ஏ-9 பாதை மூடினதோடு இரண்டாம் வருசத்தில் பல்கலைக்கழகத்தை விட்டவன் நான். ஆனாலும் அடர்த்தி என்றால் என்னவென்று மறக்கவில்லை. வேலை செய்யிற இடத்தில் தண்ணீரைக்கூடத் தராசில் வைத்துத்தான் ஊத்துவோம். ஆர் சமைச்சாலும் ஒரே ருசி வரவேணும் என்றால் வேறு வழியில்லை.

எங்கட ஆக்களுக்கு அளவு தெரியாது என்றில்லை. நாலு சுண்டு ஒரு கொத்து. அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறினதுக்கு எதிராகத்தான் 1953 ஆகஸ்ட் 12இல் இலங்கை முழுக்க ஹர்த்தால் நடந்தது. பிறகு கடைக்குக் கிலோ வந்தது. குசினியில் சுண்டு அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் சுண்டு என்பது ஒரு பழைய ரின்பால் பேணி. விளிம்பு நெளிஞ்சது. அம்மா அதைக் குவிச்சு நிரப்பி, ஒருக்கால் தட்டுவா.

2012இல் வள்ளத்தில் வந்த எனக்குத் தற்காலிக விசாவில் ஊருக்குப் போக வழியில்லை. 2021இல் அம்மா போய்விட்டா. 2023இல்தான் எங்களுக்கு நிரந்தர விசாவுக்குக் கதவு திறந்தது. வீட்டைத் துப்புரவாக்கினவர்கள் பேணியை எறிந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் தகரம்.

"கைப்பக்குவம் தராசில் ஏறுமோ?" என்று கேட்பீர்கள். ஏறாது. ஆனால் கைப்பக்குவம் பிடிபடும்வரை பிள்ளைகளுக்கு ஒரு தொடக்கம் வேண்டாமோ? லண்டனில் ஒரு கரண்டி, சிட்னியில் இன்னொரு கரண்டி என்று சிதறிக் கிடக்கிற சனத்துக்குப் பொதுவாக இருப்பது கிராம் ஒன்றுதான்.

அம்மா, அம்மம்மா இருக்கிறவர்கள் இந்தக் கிழமையே செய்யுங்கோ. அவ தன் பேணியால் தன்ர பாட்டில் அள்ளட்டும். நீங்கள் அதைத் தராசில் கொட்டி நிறுங்கோ. மூன்று தரம் நிறுத்து, சராசரியை எழுதி வையுங்கோ. மா, அரிசி, உளுந்து எல்லாவற்றையும் தனித்தனியே. உப்புக்கு அவவின் கைப்பிடியையும் நிறுங்கோ.

நான் இப்ப அக்காவின் கப்பிலிருந்து பின்னுக்குப் போய் அம்மாவின் பேணியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நாலு தரம் சுட்டாச்சு. இன்னும் வரவில்லை.