கண்ணுக்குத் தெரியாத புகை

டீசல் மகிழுந்து வைத்திருப்போரிடையே ஓர் அறிவுரை நெடுநாளாக உலவி வருகிறது. "இ.ஜி.ஆர். வழியை அடைத்துவிடுங்கள், எந்திரம் நன்றாக உழைக்கும்" என்பதே அது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தகடும் இரண்டு மரையாணிகளும் இருந்தால் பழைய வண்டிகள் பலவற்றில் வேலை முடிந்துவிடும். இவ்வறிவுரையை முழுப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். இயல்பு நிலையில் அது எதனோடும் எளிதில் சேர்வதில்லை. ஆனால், எந்திரத்தின் உருளைக்குள் டீசல் எரியும் கடும் வெப்பத்தில் ஆக்சிஜனுடன் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. இதைக் குறைக்கவே, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து, உள்ளே செல்லும் காற்றுடன் மீண்டும் கலக்கிறார்கள். ஆக்சிஜனின் செறிவு குறைகிறது; எரிதலின் உச்ச வெப்பமும் தணிகிறது. புகை மறுசுழற்சி என்னும் இந்த ஏற்பாட்டிற்கு ஒரு விலையும் உண்டு. திரும்பி வரும் புகையிலுள்ள கரி, எண்ணெய் ஆவியோடு கலந்து, காற்று செல்லும் குழாயிலும் வால்விலும் தார்போல் படிகிறது. நெரிசலான நகரத்தில் குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டியில் இது விரைவில் நேரும். எந்திரம் மூச்சுத் திணறும், இழுவை குறையும். உரிமையாளரின் குறை உண்மையானதே.

வழியை அடைத்ததும் கரும்புகை குறைகிறது. வண்டி தூய்மையாகிவிட்டது என்று உரிமையாளர் நம்புகிறார். நம் நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக டீசல் வண்டிகளில் அளக்கப்படுவது புகையின் அடர்த்திதான்; நைட்ரஜன் ஆக்சைடுகள் அங்கே அளக்கப்படுவதில்லை. எனவே, கூடுதல் நஞ்சைக் கக்கும் வண்டி சான்றிதழோடு வெளியே வருகிறது! அந்த வளிகள் வெயிலில் வினைபுரிந்து, தரையை ஒட்டிய காற்றில் ஓசோனை உருவாக்குகின்றன. ஆதாயம் வண்டிக்காரருக்கு, இருமல் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஆஸ்துமா நோயாளிக்கு.

2015ஆம் ஆண்டில் வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் செயல் வெளிப்பட்டபோது உலகம் கொதித்தது. சோதனையை அடையாளங்கண்டு, அப்போது மட்டும் மாசுக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கும் மென்பொருள், ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் இருந்தது. நிறுவனம் செய்தால் மோசடி என்கிறோம்; அதே பயனைத் தரும் தகட்டை நாம் பொருத்தினால் அது சிக்கனமாகிவிடுமா?

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகள், டீசல் மகிழுந்து கிலோமீட்டருக்கு வெளியிடத்தக்க நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவை 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைத்தன. தொழிற்சாலையில் காக்கப்படும் இந்த வரம்பு, பட்டறையில் சில நிமிடங்களில் கைவிடப்படுகிறது. சான்றிதழ்ச் சோதனையில் இவ்வளிகளையும் அளக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, கரி படிந்த வால்வைக் கழற்றித் தூய்மை செய்யலாம். பழுதானால் புதிதாக மாற்றலாம். தகட்டைவிட அதற்குச் செலவு கூடும். அச்செலவு வண்டியை ஓட்டுபவருக்கு உரியது; சாலையோரம் நிற்பவருக்கு உரியதன்று.