இசையிலக்கணம் கற்பதும் குற்றமோ?

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள குருவிகுளத்திலிருந்து என்னிடம் ஓத வந்த மாணவன் ஒருவன் இருந்தான். நல்ல குரல். பள்ளியிறுதி வகுப்பு முடிந்ததும், நெல்லையிலுள்ள அரசு இசைப்பள்ளியில் சேர வேண்டுமென்று ஆசைப்பட்டான். “ஹஜரத், நான் கச்சேரி செய்ய விரும்பவில்லை, நாம் பாடுகிற பைத்துகள் என்ன இராகம், என்ன தாளம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்” என்றான். ஊரார் பேச்சுக்கு அஞ்சிய அவன் தந்தை என்னிடம் தீர்ப்புக் கேட்டார். “வேண்டாம்” என்றேன். ஒரு கிதாபையும் புரட்டாமல் உரைத்த விடை அது.

இன்று அவன் திருமண வீடுகளில் திரைப்பட மெட்டுகளில் நபிபுகழ் பாடுகின்றான். கேட்போர் உள்ளத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் நினைவு எழுவதற்கு முன் நடிகரின் முகமே எழுகின்றது. வேறு மெட்டு அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவன் நான். ஆகவே இக்கட்டுரையின் முதற் கண்டனம் என் மீதே. அடுத்த கண்டனம், இன்றும் அதே விடையைச் சொல்லிக்கொண்டிருக்கும் என் போன்ற ஆசிரியர் மீது.

மறுப்போரின் ஆதாரங்களை நான் மறைக்கப் போவதில்லை. இசைக் கருவிகளை ஆகுமாக்கிக் கொள்வோரைப் பழித்துரைக்கும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் இப்னு ஹஸ்ம் குறை கண்டார், ஹதீஸ் கலை வல்லாருள் பெரும்பாலோர் அக்குறையை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. அதே புகாரியில், பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதும், அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்தபோது அவர்களை விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) கூறியதும் உள்ளன. ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களான இமாம் ராஃபிஈயும் இமாம் நவவீயும் குழல் பற்றி மாறுபட்டனர். முன்னவர் ஆகும் என்றார், பின்னவர் ஆகாது என்றார். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இசை கேட்டலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியுள்ளார். சில கருவிகள் விலக்கப்பட்டது குடிகாரர் கூட்டத்தின் அடையாளமாய் இருந்தமையால்தானே தவிர, இன்பம் தருவதால் அன்று. இன்பமே காரணமாயின் பறவைகளின் பாட்டையும் விலக்க வேண்டிவரும் என்பது அவர் வாதம்.

இத்தனை கருத்து வேற்றுமையும் எதைப் பற்றியது? பாடுவதையும், மீட்டுவதையும், கேட்பதையும் பற்றியது. ஒலியின் இலக்கணத்தை அறிந்துகொள்வது பற்றியது அன்று. வட்டிக் கணக்கை அறியாத ஆலிம் வட்டியை எங்ஙனம் இனங்கண்டு விலக்குவார்? மதுவின் வகைகளை ஃபிக்ஹு நூல்களில் ஓதுகின்றோமே, அதனால் குடிகாரராகி விட்டோமா? அறிவுக்கும் கேளிக்கைக்கும் இடையிலுள்ள இந்த எல்லையைக் காணாமல், இரண்டையும் ஒரே தடியால் அடிப்பது ஆராய்ச்சியாகாது.

மதரஸாவில் நாம் ஓதும் அரூழ் என்ன கலை? அதை வகுத்த கலீல் இப்னு அஹ்மத் 8-ஆம் நூற்றாண்டினர். அரபியின் முதல் அகராதியைத் தொடங்கியவரும் அவரே. இன்னிசை பற்றியும் தாளம் பற்றியும் அவர் நூல்கள் யாத்ததாக இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் குறித்துள்ளார். தஜ்வீதில் இயல்பான மத்துக்கு 2 ஹரகத் என்றும், லாஸிமான மத்துக்கு 6 ஹரகத் என்றும் விரல் மடக்கி எண்ணக் கற்பிக்கின்றோம். காலத்தை அளந்து ஒலியை நீட்டும் பயிற்சிதானே அது? இறைமறையை இராகத்திற்கு இழுத்துப் பாடலாம் என்று நான் கூறவில்லை. எழுத்துகளின் உரிமை கெடும் எந்த இனிமையும் அங்கே கூடாது. ஆனால் அளவறிந்த செவி நமக்கு அந்நியமன்று என்பதையேனும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

950-இல் மறைந்த அல் ஃபாராபீ, ‘கிதாபுல் மூஸீக்கா அல் கபீர்’ என்னும் பெருநூலை எழுதினார். இப்னு ஸீனா தம் ‘ஷிஃபா’வில் இசையைக் கணிதத்தின் ஒரு பிரிவாக வைத்தார். நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் ஐந்தாம் சுரம் பிறக்கும். ஊத் என்னும் கருவியின் நரம்புகளில் ஃபாராபீ ஆராய்ந்த கணக்கு இதுவே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தமிழர் எண்ணிய ஏழில், குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவும் இதுவே. அரபும் தமிழும் கற்ற நமக்கல்லவா இந்த ஒற்றுமை முதலில் புலப்பட்டிருக்க வேண்டும்? சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளைக் கொண்டு ஆராய்ந்து 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டவர், இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். அவர் கிறித்தவர். சுரங்களை அளந்ததால் அவர் சமயம் அவரை விட்டு அகலவில்லை.

இழப்பு எவ்வளவு என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. குருவிகுளத்திலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி வழியாக எட்டயபுரம் செல்லுங்கள். 1835-இல் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்த ஊர் அது. அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், கீர்த்தனைகளைச் சுரமும் தாளமும் கமகக் குறிகளும் இட்டு, ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்று 1904-இல் அச்சேற்றினார். அதே எட்டயபுரத்தில்தான் நம் உமறுப்புலவர் அடங்கியிருக்கின்றார். 5,027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணத்தை 1842-இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அச்சிட்டு நமக்களித்தார். சொல் பிழைத்தது. ஆனால் நம் பாட்டனார் அதை இரவெல்லாம் ஓதிய மெட்டுகளை எந்த ஏட்டில் காண்பது? காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழில் சந்தம் எழுத்திலேயே இருக்கின்றது. அதைத் தாளத்தில் அமர்த்திப் பாட நம் இளைஞருள் எத்தனை பேருக்கு வரும்? ஒரே ஊர், இரு செல்வங்கள். ஒன்றைக் காத்தது இசையிலக்கணம். மற்றொன்றை இழக்கச் செய்தது அதன் மீது நாம் கொண்ட அச்சம்.

“நாகூர் ஹனிபா இலக்கணம் கற்றா பாடினார்?” என்பர் சிலர். 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த அந்த இசைமுரசு போன்ற குரல் நூற்றாண்டுக்கு ஒன்று அமைவது. இலக்கணம் தேவைப்படுவது மற்றவருக்கு.

“இசைப்பள்ளியில் தேவாரமும் கீர்த்தனைகளும் அல்லவா கற்பிக்கின்றனர்?” என்பது அடுத்த தடை. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எனப் பல பிரிவுகள் அங்குண்டு. சரளி வரிசைக்கும், ஏழு தாள அலங்காரங்களுக்கும், 72 மேளகர்த்தாக் கணக்குக்கும் எந்தச் சமயமும் இல்லை. ஏற்க முடியாத வழிபாட்டுப் பாடல்களை ஏற்க முடியாதென்று பணிவுடன் கூறலாம். அரசுப் பள்ளி எல்லார் வரிப்பணத்திலும் நடப்பது. காசிம் புலவரின் திருப்புகழையும் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு கேட்கும் உரிமை நமக்குண்டு. மாணவனையே அனுப்பாதவர் பாடத்தைப் பற்றிக் குறை கூறுவது என்ன நியாயம்?

நமக்கும் கல்லூரிகள் உண்டு. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951-லும், பாளையங்கோட்டை சதக்கத்துல்லா அப்பா கல்லூரி 1971-லும் தோன்றின. இத்தகைய நிலையங்கள், பகலில் உழைப்பவர் மாலையில் வந்து பயிலும் சமுதாயக் கல்லூரி முறையில், ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பொன்று தொடங்கட்டும். தஜ்வீத், அரூழ், தமிழ்ச் சந்தம், தாளம், சுரக்குறிப்பு எழுதுதல் ஆகிய ஐந்தும் அதில் போதும். கருவி ஒன்றுகூட இல்லாமல், கையும் வாயும் கொண்டே இவற்றைக் கற்பிக்கலாம். அதையும் ஹராம் என்பவர் ஆதாரத்தோடு எழுதட்டும். நான் விடையிறுக்கக் காத்திருக்கின்றேன்.

அதுவரை நம்மால் இயன்றதைச் செய்வோம். சீறாவைப் பழைய மெட்டில் ஓதத் தெரிந்த முதியவர் ஓரிருவர் சில ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்கள் கண் மூடினால் அந்த மெட்டும் மண்ணுக்குள் போகும். ஒலிப்பதிவு செய்து வைப்பது நன்று. ஆனால் பதிந்ததைப் பகுத்து, எழுதி, பிறருக்குக் கற்பிக்கத் தெரிந்த ஓர் இளைஞன் அருகில் இருந்தாலன்றி அது பெட்டியில் பூட்டிய பொருளே. குருவிகுளத்து மாணவனின் தம்பி இவ்வாண்டு அதே கேள்வியுடன் என்னிடம் வந்தான். “தொழுகையை விடாதே, போய்க் கற்று வா” என்று கூறி அனுப்பியிருக்கின்றேன். வல்லாஹு அஃலம்.