மருந்தடித்த கைகளுக்கு யார் பதில் சொல்வது?



உங்கள் அம்மாவோ பாட்டியோ தோட்டத்தில் மருந்தடித்தவரா? அப்படியானால் இது உங்கள் வீட்டுச் செய்தி.

ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பாராகுவாட் தெளித்தவர்களில் பலர் நம் பெண்கள். நகம் கழன்றது, தோல் வெந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. விழுங்கினால் முறிவு மருந்தே இல்லாத நஞ்சு அது.

2002-இல் மலேசிய அரசு இதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் பின்வாங்கியது. முழுத் தடை வந்ததோ 2020 சனவரி 1-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தெளித்த நம்மவரும் அந்நியத் தொழிலாளர்களும் யார் கணக்கில்?

தடை வந்ததும் எல்லாம் முடிந்ததென எண்ணாதீர்கள். இந்த நஞ்சு மண்ணோடு ஒட்டிப் பல ஆண்டுகள் கிடக்கும். நடுக்குவாத நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் எனப் பல ஆய்வுகள் எச்சரிக்கின்றன. அந்நோய் தலைகாட்டப் பல்லாண்டுகள் ஆகும்.

இன்றே பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு, என்ன மருந்து? எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டை எறியாதீர்கள். மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தொழில்நோய்க்குச் சொக்சோ சட்டத்தில் இடமுண்டு. ஆனால், கேட்கச் சான்று வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நம்மிடம் நிலமில்லை. நடந்த உண்மையையாவது எழுதி விட்டுச்செல்வோம்!